முப்பத்தைந்தில் ஒன்று

நாவற்குடா,
17.02.2025

சதீசன் அண்ணனுக்கு,

என் போன் பழுதாகவில்லை. நெட்வேர்க்கும் பழுதில்லை. வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் உங்களை புளொக் பண்ணியது நான்தான், நல்ல நினைவோடு, இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு பண்ணினேன். சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல நானே வேறு வழி வைக்காததால் தபால் கந்தோருக்குப் போய் முத்திரை வாங்கி ஒட்டுகிறேன்.

வினாயகமூர்த்தி மாமா நம்முடைய குட்டி யுத்த டாங்கியை உங்கள் கையில் தந்த அன்றைக்கே படம் எடுத்துப் போட்டுவிட்டீர்கள். அந்த மனுசன் நோர்வே வரைக்கும் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். பல்லுக் கட்டுகிற லாப்பிலிருந்து பஞ்சு கொண்டுவந்து சுற்றிவர அடைத்துக் கொடுத்தவள் நான். ஒரு சில்லு கூடக் கழன்றிருக்காது. அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. படத்துக்குக் கீழே நீங்கள் எழுதியது இது: “இது டாங்கியா, தோணியா? பனியைக் கண்ணால் காணாத என் தங்கச்சியின் கைவேலை.” அதற்குக் கீழே ஊர் உலகத்துச் சிரிப்பு முகமெல்லாம் வரிசையாக நிற்கிறது. லாப்பில் என்னோடு வேலை செய்கிற றஸீனாதான் தன் போனில் காட்டினாள். “யசோ, இது உங்கட சொந்த அண்ணன்தானே?” என்று கேட்டாள். ஓம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

கொரோனாக் காலத்தில் இதைத் தொடங்கிவைத்தது நீங்கள். அங்கே, நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவான மொடல் டாங்கிப் பெட்டி வாங்கி, துண்டு துண்டாக ஒட்டி, உருவமாக்கி யாரிடமாவது கொடுத்தனுப்புவீர்கள். நான் நிறம் பூசி, பழசாக்கி, அழுக்காக்கித் திருப்பி அனுப்புவேன். முதலாவது பாலைவன மஞ்சள். இரண்டாவது பச்சை. இரண்டையும் தூக்கிக்கொண்டு திரிந்து பெருமையாகப் புளுகினீர்கள். மூன்றாவது, இந்த ரஷ்ய டாங்கி, பனிக்காலத்து வெள்ளை. இதை இரண்டு பேர் பெயரிலும் அங்கே மே மாதம் நடக்கிற மொடல் கண்காட்சியில் வைப்போம் என்று சொன்னதும் நீங்கள்தான், நான் கேட்கவில்லை.

நீங்கள் சொல்லித்தந்த வித்தை இந்தக் காற்றுக்குச் சரிவரவில்லை. பச்சைக்கு மேல் தலைமயிருக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை அடி, அதற்கு மேல் வெள்ளையை அடி, காய்ந்த பிறகு தண்ணீர் தொட்ட பிரஷால் தேய், வெள்ளை அங்கங்கே உரிந்து வரும் என்றீர்கள். மூன்று நாளாகியும் அந்த ஸ்ப்ரே காயாமல் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. முழுவதையும் கழுவிவிட்டுச் சுண்ணாம்பு பூசினேன். இரண்டாம் உலக யுத்தத்தில் ரஷ்யர்களும் சுண்ணாம்புதான் பூசினார்கள் என்று வீடியோ அனுப்பிக் காட்டியது நீங்கள். அம்மா செத்த முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வீடு வெள்ளையடித்தோமே, வாளியின் அடியில் மிஞ்சிய சுண்ணாம்பு அது. கீழே இருக்கிற சேறு, கார்த்திகை வெள்ளம் வடிந்த பிறகு நம்முடைய ஹோலில் நான் வழித்து அள்ளிய சேறு. காயவைத்து, துணியில் அரித்து, டாங்கியின் கீழ்ப்பக்கத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டேன்.

சொல்ல வந்தது இதுதான். அந்தச் சேற்றுக் கோட்டில் கை வைக்க வேண்டாம். கழுவ வேண்டாம், தேய்க்க வேண்டாம், மேலே வேறொன்றைப் பூசவும் வேண்டாம். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அதே டின்னில் வைத்துத் திருப்பி அனுப்புங்கள். கை வைத்தீர்கள் என்று கேள்விப்பட்டால் எனக்கு அண்ணன் என்று ஒரு ஆள் இல்லை. இது கோபத்தில் சொல்கிற கதை என்று நினைக்காதீர்கள். கோபத்தில்தான் சொல்கிறேன், ஆனால் கோபம் ஆறின பிறகும் இதையேதான் சொல்லுவேன்.

யசோதினி


ட்ரொம்சோ,
09.03.2025

தங்கச்சி யசோதினிக்கு,

உன் கடிதம் வந்து சேர மூன்று கிழமை எடுத்திருக்கிறது. அவ்வளவு தூரம் குளிருக்குள்ளால் வந்தும் சூடு ஆறவில்லை.

முதலில், படத்தை எடுத்துவிட்டேன். பகிடிக்குப் போட்டது. நம்முடைய வீட்டில் பகிடி விளங்காத ஆட்கள் இருந்ததில்லை. நீ எப்போது இப்படி ஆனாய் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி டாங்கி. அது என் மேசையில் இருக்கிறது, வேலையால் வந்து ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். வெள்ளை நன்றாகத்தான் வந்திருக்கிறது. மூடியைச் சுற்றியும், ஆட்கள் கால் வைத்து ஏறுகிற இடத்திலும் பச்சை தெரிகிற மாதிரித் தேய்ந்திருப்பது அருமை. இதை உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அது என் பிழை. ஆனால் அந்தக் கோடு பிழை. பிழையைப் பிழை என்று சொல்லாவிட்டால் நான் இதற்குள் இருந்து பிரயோசனம் இல்லை.

கேள். உறைந்த தரையில் சேறே இல்லை. பனி கரைகிற நாட்களில்தான் சேறு வரும். அப்போது சில்லும் சங்கிலியும் அதை அள்ளி எறியும். ஓரிடத்தில் திட்டாக, ஓரிடத்தில் புள்ளியாக, பின்பக்கம் கூடவாக, முன்பக்கம் குறைவாக. நீ போட்டிருப்பது சுற்றிவர ஒரே மட்டத்தில் ஒரே கோடு. முன்னும் பின்னும் இரண்டு விலாவும், அடிமட்டம் வைத்துக் கீறினது மாதிரி. கோட்டுக்குக் கீழே அழுக்கு, மேலே சுத்த வெள்ளை. தெறிக்கிற சேறு நேர்கோடு போடாது, யசோ. நிற்கிற தண்ணீர்தான் நேர்கோடு போடும். வாழைச்சேனைத் துறைமுகத்தில் மாதக்கணக்காகக் கட்டிக் கிடக்கிற போட்டுகளின் வயிற்றில் இருக்குமே, அந்தக் கோடு இது. அதனால்தான் தோணி என்றேன். நான் இங்கே பதினாறு வருசமாகப் பனிக்குள் கிடக்கிறேன். மீன் கொம்பனியின் லொறிகள் பனிக்குள் எப்படி அழுக்காகின்றன என்று நாளாந்தம் பார்க்கிறேன். எனக்கு நீ பனி படிப்பிக்க வேண்டாம்.

அம்மாவை இதற்குள் இழுக்காதே. வெள்ளம் வந்தது எனக்கும் தெரியும். போன் வேலை செய்யத் தொடங்கிய அன்றைக்கே எடுத்தேன். முற்றத்தில் கொஞ்சம் தண்ணி, உள்ளே கால் நனைகிற அளவு என்று சொன்னது நீ. அம்மாவும் உன்னிடமிருந்து போனைப் பறித்து, “ஒண்டுமில்ல மனே, கால் நனையிற தண்ணி. நீ சாப்பிட்டியா?” என்று கேட்டா. அதற்குப் பிறகு இரண்டு கிழமையில் அம்மா நெஞ்சுச்சளி வந்து போய்விட்டா, அது நமக்கு விதித்தது. கால் நனைகிற தண்ணிக்கு ஒரு டாங்கி முழுக்க ஒப்பாரி வைக்கிறாய். அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் வரவில்லை என்ற கோபத்தை நேரே சொல்லு, சேற்றைக் குழைத்துச் சொல்லாதே.

கண்காட்சி மே பத்தாம் திகதி. நடுவர்கள் மூன்று கிழவர்கள், டோர்ச் அடித்துப் பார்க்கிறவர்கள். இந்தக் கோட்டோடு கொண்டுபோனால் என்னை வாசலிலேயே சிரித்து அனுப்புவார்கள். அதில் என் பெயரும் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதிக்குள் ‘சரி’ என்று ஒரு வரி எழுது. எழுதாவிட்டால் நானே தண்ணீர் தொட்டுத் தேய்த்து எடுத்து, சரியான சேற்றைத் தெறித்துவிடுவேன். நீ கோபித்தாலும் பிறகு படத்தைப் பார்த்துச் சந்தோசப்படுவாய்.

அண்ணன்
சதீசன்


நாவற்குடா,
30.03.2025

சதீசன் அண்ணனுக்கு,

சரி என்று எழுதமாட்டேன். நூறு கண்காட்சி வந்தாலும் எழுதமாட்டேன்.

நேரே சொல்லு என்றீர்கள், சொல்கிறேன். அம்மாவைக் கிடத்தியிருந்த ஹோலில் ஆட்கள் அழுதுகொண்டிருக்க, நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கை உளைந்தது. அழக்கூட முடியவில்லை, அழுதால் படம் ஆடும். நீங்கள் அங்கிருந்து சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “கொஞ்சம் வலப்பக்கம் திருப்பு, முகம் தெரியல்ல.” திருப்பினேன். பிறகு வெளிச்சம் காணாது என்றீர்கள். யன்னலைத் திறந்தேன். மார்கழியில் டிக்கெட் இல்லை, லீவு இல்லை, நத்தார் காலம் என்றீர்கள். நீங்கள் செய்ய வேண்டிய கடமையை விஜிதரன் அத்தான் செய்தார். சுடலையால் வந்து, அண்ணன் ஏன் வரவில்லை என்று என்னிடம் கேட்காமல் போனவர், இன்றைக்கும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இன்னுமொன்று. நீங்கள் எடுத்துவிட்ட அந்தப் படத்துக்குக் கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்தார், யுத்தத்துக்குள் வளர்ந்த பிள்ளை, அந்தப் பயம்தான் கையால் இப்படி வருகிறது, பாவம் என்று. அதற்கு நீங்கள் கைகூப்பி ஒன்று போட்டிருந்தீர்கள். என்ன பாவம்? எனக்குச் சின்னச் சின்னச் சில்லுகள் பிடிக்கும். பகல் முழுக்க ஊராரின் பல்லை ராவிவிட்டு, பின்னேரம் யாருக்கும் வலிக்காத ஒன்றை ராவப் பிடிக்கும். அவ்வளவுதான். நாங்கள் எதைத் தொட்டாலும் அதற்குள் ஒரு ஷெல்லைத் தேடிக் கண்டுபிடித்து உச்சுக்கொட்டுகிற உங்கள் கூட்டத்துக்கு இதைச் சொல்லுங்கள்.

பகிடி விளங்காதாம். இந்த டாங்கி அம்மாவின் கண்ணுக்கு ஒரு பன்றி, ‘சதீசன்ட இரும்புப் பண்டி’ என்றுதான் சொல்லுவா. “உன்ட கொண்ணன்ட பண்டிய மேசையால எடு புள்ள, சோறு போடோணும்” என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவா. நானும் சிரிப்பேன். எனக்குப் பகிடி நன்றாக விளங்கும். ஊரைக் கூட்டி வைத்துச் சிரிப்பதற்குப் பெயர் வேறு.

பனி உங்களுக்குத் தெரியும், சரி. பதினாறு வருசம், சரி. எனக்குத் தெரிந்த குளிர்காலம் ஒன்றே ஒன்றுதான். அது மழையோடு வரும், வாவி ஏறி வீட்டுக்குள் வரும், போகும்போது சுவரில் கோடு போட்டுவிட்டுப் போகும். என் டாங்கியில் என்னுடைய மாரியைத்தான் பூசினேன். பிழை என்றால் பிழையாகவே இருக்கட்டும். உங்கள் பெயரை எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் அளக்கிற ஆள் நீங்கள். நான் அனுப்பிய படத்தில் ஒரு சில்லு அரை மில்லிமீற்றர் சாய்ந்திருந்தால் நோர்வேயிலிருந்து சத்தம் போடுவீர்கள். தண்ணீர்தான் நேர்கோடு போடும் என்று உங்கள் கையாலேயே எழுதியும் இருக்கிறீர்கள். இவ்வளவு கெட்டிக்காரர் அந்தக் கோட்டை ஏன் அளக்கவில்லை? நான் அதைக் கண்மட்டத்தில் போடவில்லை. சுவரில் அளந்து, முப்பத்தைந்தால் பிரித்துப் போட்டேன். அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் தேய்க்கக் கை வந்தால் தேயுங்கள்.

யசோதினி


ட்ரொம்சோ,
16.04.2025

யசோ,

உன் கடிதம் இன்றைக்கு வந்தது. நேற்றே நான் தொடங்கிவிட்டேன். நீ ஒன்றும் எழுதவில்லை, சொன்னபடி செய்வேன் என்ற வீம்பில் பிரஷைத் தண்ணீரில் தோய்த்துப் பின்பக்கத்து இடது மூலையில் வைத்தேன். சுண்ணாம்பு இறுகியிருந்தது, சேறு மட்டும் கரைந்து வந்தது. ஒரு விரல் அகலம் போய்விட்டது. அதற்குள் வேலைக்கு நேரமாகி எழும்பிப் போனேன். இல்லாவிட்டால் முழுவதும் போயிருக்கும்.

கடிதத்தைப் படித்துவிட்டு வேர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தேன். நிலத்திலிருந்து கோட்டுக்கு மூன்று சென்ரிமீற்றர். முன்னாலும் மூன்று, பக்கங்களிலும் மூன்று. முப்பத்தைந்தால் பெருக்கினால் நூற்றைந்து.

முதலில் எனக்கு விளங்கவில்லை. கணக்குப் பிழைத்துவிட்டது என்று திரும்பப் பெருக்கினேன். பிறகு இங்கே குசினிச் சுவரில் நூற்றைந்தில் பென்சிலால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு இடுப்புக்கு மேலே வருகிறது. நீ என்னைவிட எவ்வளவு கட்டை. உனக்கு நெஞ்சுக்கு வந்திருக்கும்.

மூன்றரை அடித் தண்ணீர் வீட்டுக்குள் நின்றதா? அம்மாவின் கட்டில் ஒன்றரை அடி. அந்தக் கட்டிலைக் காத்தான்குடியில் ஆதம்பாவா காக்காவின் கடையில் வாங்கி, லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். அதன் உயரம் எனக்குக் கண்ணுக்குள் இருக்கிறது. அம்மாவால் ஏணியில் ஏற முடியாது, முழங்கால் மடங்காது. அப்படியென்றால் அம்மா எங்கே இருந்தா? அதைச் சொல்லு எனக்கு. வேறொன்றும் எழுத வேண்டாம், ஏச வேண்டும் என்றால் பிறகு ஏசு. அம்மா எங்கே இருந்தா?

எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு இந்தப் பேனை உடையப் போகிறது. கால் நனைகிற தண்ணி என்றாயே. அம்மாவையும் சொல்ல வைத்தாயே. பிறகு சளி என்றாய், வயதுபோன ஆள்தானே என்றாய், நானும் வயதுபோன ஆள்தானே என்று நினைத்து இங்கே மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். பொய்யைச் சொல்லி என்னை இங்கேயே இருத்திவிட்டு, ஏன் வரவில்லை என்று மூன்று மாதமாகத் தின்கிறாய். ஒரு வார்த்தை, ஒரேயொரு உண்மையான வார்த்தை சொல்லியிருந்தால் நான் நடந்தாவது வந்திருப்பேன். என்னை யார் என்று நினைத்தீர்கள் இரண்டு பேரும்? சின்னப்பிள்ளை என்றா?

பதில் எழுது. புளொக்கை எடுத்தால் இன்றைக்கே பேசலாம். எடுக்கமாட்டாய், தெரியும்.

சதீசன்


நாவற்குடா,
05.05.2025

சதீசன் அண்ணனுக்கு,

புளொக்கை எடுக்கமாட்டேன். போனில் என்றால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் சமாதானம் சொல்லுவீர்கள், அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொள்வோம். எழுதினால்தான் எனக்குச் சரியாகச் சொல்ல வரும்.

அன்றைக்குக் காலையில் எழும்பும்போது முற்றத்தில்தான் தண்ணீர். நானும் கால் நனைகிற தண்ணிதானே என்றுதான் இருந்தேன். ஆட்டோவுக்குப் போன் எடுத்தால் லைன் இல்லை. அரிசி வாளியைத் தூக்கி வைத்து, மெத்தையைச் சுருட்டுவதற்குள் அது வாசற்படியைத் தாண்டிவிட்டது. வாவி அப்படி வேகமாக ஏறி நான் கண்டதில்லை. ஒழுங்கைக்குள் இறங்கி அம்மாவைத் தூக்கிக்கொண்டு நடக்க எனக்குப் பலம் இல்லை. இறங்கிப் பார்த்தேன், இழுத்தது, திரும்பி வந்துவிட்டேன்.

ஹோலில் நம்முடைய பெரிய மேசை. அதற்கு மேல் மரக்கதிரையை வைத்தேன். அம்மாவை எப்படி ஏற்றினேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஏற்றிவிட்டேன். அம்மா கதிரையில் இருந்தா. நான் கீழே தண்ணீருக்குள் நின்று, கதிரை வழுக்காமல் முன்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் மேசையையும் மூடியது. எனக்கு நெஞ்சுக்கு வந்து நின்றது. அம்மாவுக்குக் கதிரைக்குக் கீழே பாதம் இரண்டும் தண்ணீருக்குள். உங்களுக்கு அம்மா போனில் சொன்னது பொய்யில்லை, அண்ணன். அம்மா இருந்த இடத்தில் அது கால் நனைகிற தண்ணிதான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிச் சிரித்தா.

அந்த மேசையில்தான் டாங்கி இருந்தது, பச்சை மட்டும் பூசினபடி. கதிரை வைக்க இடம் வேண்டும், டாங்கியை வைக்க வேறு உலர்ந்த இடம் இல்லை. தூக்கி அம்மாவின் மடியில் வைத்தேன். “வீடு தாழுது, இந்தப் பண்டியையும் நானா காவல் காக்கோணும்?” என்று ஏசினா. ஏசிக்கொண்டே முந்தானையால் மூடி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டா. பின்னேரம் சீனித்தம்பி அண்ணன் தோணியை வாசற்கதவால் உள்ளே விட்டு எங்களை ஏற்றும்வரைக்கும் அம்மா அதை விடவில்லை. என்னிடமும் தரவில்லை. தோணிக்குள்ளும் மடியில்தான் வைத்திருந்தா. “அவன் ஒட்டினதுகா, நனைஞ்சா கழண்டிரும்” என்று சீனித்தம்பி அண்ணனின் மனிசிக்குச் சொன்னா.

நம்முடைய வீட்டில் எல்லாவற்றிலும் கோடு விழுந்தது. அலுமாரி, யன்னல் சீலை, அப்பாவின் படம், என் படிப்புச் சான்றிதழ்கள். கோடு விழாதது அந்த டாங்கி ஒன்றுதான். அதனால்தான் போட்டேன்.

அன்றைக்குக் குளிரில் இருந்ததில் அம்மாவுக்குச் சளி பிடித்தது. நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். “அவனுக்குச் சொல்லாத புள்ள. தனிய இருக்கிறவன், நித்திரை கொள்ள மாட்டான்” என்று அம்மா சொன்னா. சொல்லவில்லை. இந்த ஒழுங்கையில் எந்த வீட்டையும் கேட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் காய்ச்சலைத் தடிமன் என்போம், வெள்ளத்தை ஈரம் என்போம். எல்லாவற்றையும் சின்னதாக்கித்தான் அனுப்புவோம். நீங்களும் அங்கே கை வெட்டுப்பட்டு ஒன்பது தையல் போட்டதைக் கீறல் என்றுதான் சொன்னீர்கள், மறந்துவிட்டீர்களா?

வெள்ளத்தைச் சின்னதாக்கிச் சொன்னது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா செத்துப்போனா என்பதை நான் சின்னதாக்கவில்லையே. அதை முழு அளவில்தான் சொன்னேன். அதற்கு என்ன செய்தீர்கள்? நடந்தாவது வந்திருப்பேன் என்று இப்போது எழுதுகிறீர்கள். பிளேனில் வந்திருந்தால் போதும்.

யசோதினி


ட்ரொம்சோ,
26.05.2025

யசோ,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பிளேனில் வந்திருந்தால் போதும் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் மடித்து வைத்துவிட்டேன். டிக்கெட் இருந்தது. விலை கூட என்றுகூட இல்லை. வந்தால் அம்மா இல்லாத வீட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்குப் பயந்தேன். நத்தார், லீவு எல்லாம் அதற்குப் போட்ட வெள்ளைப்பூச்சு. ஏசு, கேட்டுக்கொள்கிறேன்.

கண்காட்சி முடிந்துவிட்டது. அப்போது உன் இந்தக் கடிதம் வந்திருக்கவில்லை, நூற்றைந்து என்ற கணக்கு மட்டும்தான் தெரியும். அம்மா எங்கே இருந்தா என்று தெரியாமலேயே டாங்கியைக் கொண்டுபோனேன். கோட்டை அப்படியே விட்டேன். அட்டையில் என் பெயரை எடுத்துவிட்டு உன் பெயரை மட்டும் எழுதினேன், ஊர் நாவற்குடா என்று போட்டேன்.

நடுவர் கிழவர் ஒருவர் டோர்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தார். வெள்ளையை நல்லது என்றார். பிறகு பென்சிலால் கோட்டைக் காட்டி, சேறு இப்படி நேராக நிற்காது, இது தண்ணீரில் நின்ற வாகனம் மாதிரி இருக்கிறது என்றார். மார்ச் மாதம் நான் உனக்கு எழுதியதை ஒரு சொல் மாறாமல் அந்த மனுசன் சொன்னார். எனக்கு அவருடைய கழுத்தைப் பிடிக்கவேண்டும் போல வந்தது. என் கழுத்தைத்தான் பிடித்திருக்க வேண்டும். தண்ணீர்தான் நின்றது, எங்கள் வீட்டுக்குள் நின்றது என்றேன். எவ்வளவு என்றார். என் இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினேன். அவர் நிமிர்ந்து, தன் வயிற்றைக் குனிந்து பார்த்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போனார். பரிசு கிடைக்கவில்லை. தாளில், சேறு பொருந்தவில்லை என்று எழுதிப் புள்ளி வெட்டியிருந்தார்கள். அந்தத் தாளை உனக்கு அனுப்பமாட்டேன், கிழித்துவிட்டேன்.

அம்மா மடியில் வைத்திருந்தா என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து நான் அதைத் தொடவில்லை. என் முட்டாள் கையால் போன அந்த விரல் அகலத்தை நிரப்பலாம் என்று நினைத்தேன். பனி கரைந்து வாசலில் வேண்டிய அளவு சேறு கிடக்கிறது. ஆனால் இந்தச் சேறு அதற்கு ஆகாது.

அம்மா மேல் எனக்கு வருகிற கோபத்தை யாரிடம் சொல்வது? என்னைக் கேளாமல் எனக்காக யோசித்து, எனக்காகப் பொய் சொல்லி, பண்டியையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டா. நான் என்ன செய்ய இதை வைத்துக்கொண்டு?

ஓகஸ்டில் நான்கு கிழமை லீவு கேட்டிருக்கிறேன். வரட்டுமா? நான் பிறந்த வீட்டுக்கு வர உன்னிடம் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டேன். கேட்கத்தான் வேண்டும். வரட்டுமா, யசோ?

சதீசன்


நாவற்குடா,
17.06.2025

அண்ணன்,

கோபம் போகவில்லை. உங்களைக் கண்டதும் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு வரவேண்டாம். விமான நிலையத்துக்கு நான் வரமாட்டேன். மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்கும் வரமாட்டேன். ஆட்டோ பிடித்து வாருங்கள். கதவைத் திறப்பேன், சோறு போடுவேன், ஏசவேண்டியதை ஏசுவேன்.

டாங்கியைக் கைப்பையில் கொண்டு வாருங்கள், சூட்கேசுக்குள் போடவேண்டாம். அந்தச் சேற்றில் கொஞ்சம் ஹோர்லிக்ஸ் போத்தலில் வைத்திருக்கிறேன். நீங்கள் அழித்த விரல் அகலத்தை நான்தான் நிரப்புவேன், நீங்கள் தொடவேண்டாம்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, இதை உங்களுக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். முப்பத்தொன்றுக்கு வீடு வெள்ளையடித்தோம் என்று சொன்னேனே, முழுக்க இல்லை. ஹோலில் மேசை இருக்கிற சுவரை, வெள்ளம் கோடு போட்ட சுவரை, நான் அடிக்க விடவில்லை. அடிக்க வந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். செத்த வீட்டில் ஒரு சுவரை அழுக்காக விட்டு வைக்கிறாளே என்று கேதீஸ்வரி மாமி ஊர் கேட்க ஏசினா. விசர் பிடித்துவிட்டது என்றார்கள். அதனால்தான் வாளியின் அடியில் சுண்ணாம்பு மிஞ்சியது, அதைத்தான் டாங்கிக்குப் பூசினேன். இவ்வளவு கணக்குப் பார்க்கிற நீங்கள், எப்படி மிஞ்சியது என்று கேட்கவேயில்லை.

அந்தச் சுவர் உங்களுக்குத்தான். புதுச் சுண்ணாம்பு வாங்கிக் கரைத்துத் தருவேன், நீங்களே அடியுங்கள். மேசையும் மரக்கதிரையும் அதே இடத்தில் இருக்கின்றன. அடிக்க முன்னம் ஒருக்கால் அந்தச் சுவரோடு போய் நில்லுங்கள், நான் நின்ற இடத்தில். அங்கே முப்பத்தைந்தால் பெருக்கத் தேவையில்லை.

யசோதினி